58 கிலோ கலைக்களஞ்சியம்: பிரிட்டானிக்கா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2012 மார்ச் 13 அன்று, இனிமேல் புத்தகமாக அச்சிடப் போவதில்லை என்று என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா அறிவித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அடுத்த நொடியே அந்த வருத்தத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது, ஏனென்றால் அதில் ஒரு தொகுதியைக்கூட நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. நூலகத்தில் பார்த்திருக்கிறேன், வெளியே எடுத்துப் போகக் கூடாத அலமாரியில். எதையோ தேடி ஒரு தொகுதியை எடுத்து, பக்கத்துக் கட்டுரைக்குள் விழுந்து, வந்த வேலையை மறந்து திரும்பியிருக்கிறேன். எங்கள் உறவு அவ்வளவுதான். அன்றைக்கு இணையத்தில் புலம்பியவர்களில் பெரும்பாலோர் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் வாங்கியிருந்தால் அதை ஏன் நிறுத்தப் போகிறார்கள்?

கடைசியாக அச்சான 2010 பதிப்பில் 32 தொகுதிகள். மொத்தமும் சேர்த்து எடை 129 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 58 கிலோ. விலை 1,395 டாலர். 12,000 செட் அச்சிட்டார்கள், அறிவிப்பு வந்த நாள்வரை 8,000 போயிருந்தது, மிச்சம் 4,000 கிடங்கில் கிடந்தது. இதே கம்பெனி 1990ல் அமெரிக்காவில் மட்டும் 1,20,000 செட் விற்றது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே 22 வருஷம்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: இணையம் வந்தது, விக்கிபீடியா வந்தது, பிரிட்டானிக்கா செத்தது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது ஒட்டவே இல்லை. விக்கிபீடியா பிறந்தது 2001ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே பிரிட்டானிக்கா கைமாறி, வீடு வீடாக விற்கும் ஆட்களையும் அனுப்பிவிட்டது. இன்னொரு பக்கம், அந்தக் கம்பெனி சாகவும் இல்லை. அப்படியானால் 1990களில் அதை அடித்தது எது? இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான கேள்வி அதுதான். விக்கிபீடியா பிறகு வரும், அதுவும் வேறு காரணத்துக்காக.

வாசல் மணி

பிரிட்டானிக்கா தொடங்கியது 1768ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். செதுக்குக் கலைஞர் ஆண்ட்ரூ பெல், அச்சுக்கூடம் வைத்திருந்த காலின் மக்ஃபார்குஹர், தொகுப்பாசிரியர் வில்லியம் ஸ்மெல்லி என்று மூன்று பேர். பகுதி பகுதியாக வெளிவந்து 1771ல் மூன்று தொகுதிகளாக முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது அமெரிக்கர்கள் கைக்கு வந்தது, கொஞ்ச காலம் சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது, பிறகு 1943ல் வில்லியம் பென்டன் என்ற விளம்பரத் துறைக்காரரிடம் போனது. கலைக்களஞ்சியத்தின் உரிமையாளர் வரிசையில் சில்லறை வணிகமும் விளம்பரமும் வருவதைக் கவனியுங்கள். அது தற்செயலில்லை.

யாரும் கடைக்குப் போய் கலைக்களஞ்சியம் வாங்குவதில்லை. விலை ஒரு மாதச் சம்பளத்தை எட்டும், அவசரத் தேவையும் கிடையாது. அதனால் விற்பனையாளர் வீட்டுக்கே வருவார், வரவேற்பறையில் உட்காருவார், மாதிரிப் பக்கங்களை விரித்துக் காட்டுவார், குழந்தைகள் எந்த வகுப்பு என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் வியாபாரமே இருந்தது. "உங்கள் பிள்ளைக்கு இதைக்கூடச் செய்ய மாட்டீர்களா?" என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லத் தெரிந்தவர் நல்ல விற்பனையாளர். தவணையில் கட்டலாம் என்றதும் பாதி எதிர்ப்பு போய்விடும். வந்திருப்பவர் விற்கத்தான் வந்திருக்கிறார் என்பதையே மறைத்து, கருத்துக்கணிப்பு அது இது என்று சொல்லி உள்ளே நுழைகிறார்கள் என்ற புகார் பெரிதாகி, 1976ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பிரிட்டானிக்காவுக்கு எதிராக ஒரு உத்தரவே போட்டது: கதவைத் திறந்ததும், நான் விற்பனைக்காக வந்திருக்கிறேன் என்று எழுதிய அட்டையைக் காட்ட வேண்டும். உலகின் மிக மதிப்புக்குரிய அறிவு நூல், உள்ளே வர அட்டை காட்ட வேண்டிய நிலைமை. இதைப் படித்த நாளிலிருந்து தோல் அட்டையும் பொன்னிற எழுத்துமாக இருக்கும் அந்த வரிசையை என்னால் பழைய பக்தியோடு பார்க்க முடியவில்லை.

இதில் ஏமாற்று மட்டும்தான் இருந்தது என்று சொல்ல வரவில்லை. நூல் உண்மையிலேயே நல்ல நூல். கட்டுரை எழுதியவர்கள் அந்தந்தத் துறையின் பெரிய தலைகள். ஆனால் வாங்கிய குடும்பங்களில் எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்பது தனிக் கதை. அலமாரியில் நிற்பதே அதன் முதல் வேலை. பிள்ளைக்காக நாம் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதிக்குத்தான் பெற்றோர் காசு கொடுத்தார்கள், அறிவு அந்த நிம்மதியோடு கூடவே வந்தது.

காசு எங்கே இருந்தது

ஒரு செட் 1,500 முதல் 2,200 டாலர்வரை விற்ற காலத்தில், அதை அச்சிட்டுக் கட்டி அனுப்ப ஆன செலவு 200 முதல் 300 டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். விற்பனையாளருக்குக் கிடைத்த கமிஷன் 500, 600 டாலர். அதாவது புத்தகத்தைத் தயாரிப்பதைவிட, அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இரண்டு மடங்கு செலவு. 1990ல் வருமானம் சுமார் 65 கோடி டாலர். வெளியிலிருந்து பார்த்தால் அது பதிப்பகம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பெரிய விற்பனைப் படை, கூடவே கொஞ்சம் பதிப்பு வேலை. பின்னால் நடந்தது எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது.

குறுந்தகடு, அதாவது சிடி, வந்தபோது பிரிட்டானிக்காவின் மூளை தூங்கிக்கொண்டிருந்தது என்பது இன்னொரு கட்டுக்கதை. 1980களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் வந்து, சேர்ந்து ஒரு டிஜிட்டல் கலைக்களஞ்சியம் செய்யலாமா என்று கேட்டபோது மாட்டோம் என்று சொன்னார்கள், அது உண்மை. ஆனால் 1989ல் படம், ஒலி எல்லாம் சேர்ந்த கலைக்களஞ்சியத்தைச் சிடியில் வெளியிட்டதும் இவர்கள்தான், தங்கள் இன்னொரு நூலான காம்ப்டன்ஸ் பெயரில். தொழில்நுட்பம் கையில் இருந்தது. உள்ளடக்கமும் இருந்தது. 1993ல் அந்தக் காம்ப்டன்ஸை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள், அதே வருஷம்தான் என்கார்ட்டா என்ற மைக்ரோசாஃப்டின் சிடி கலைக்களஞ்சியம் வந்தது.

ஏன் இப்படி? விற்பனையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு செட் விற்றால் 500 டாலர் கிடைக்கிறது. அதே விஷயம் ஒரு தகட்டில் 100 டாலருக்குக் கிடைத்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? தகட்டின் மொத்த விலையே அவருடைய கமிஷனில் ஐந்தில் ஒரு பங்குதான். விற்பனைப் படை கோபப்பட்டால் கம்பெனி அடுத்த மாதமே படுத்துவிடும். அதனால் பிரிட்டானிக்கா ஒரு நடுவழி கண்டுபிடித்தது: அச்சுப் புத்தகம் வாங்குபவருக்குச் சிடி இலவசம், தனியாக வேண்டுமென்றால் ஆயிரம் டாலர் பக்கம். விற்பனையாளருக்குப் பாதகமில்லை. வாங்குபவருக்கு மட்டும் அது கேலிக்கூத்து, ஏனென்றால் போட்டியாளர்களின் சிடி 50, 70 டாலருக்குக் கிடைத்தது, ஒரு தகட்டைத் தயாரிக்கும் செலவு சுமார் ஒன்றரை டாலர்.

இந்த முடிவை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 1993ல் அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் அதற்குத்தான் கை தூக்கியிருப்பேன். இன்றைய வருமானம் முழுவதையும் கொண்டுவருபவர்கள் ஒரு பக்கம், நாளை வரக்கூடிய, வந்தாலும் பத்தில் ஒரு பங்கே வரக்கூடிய வருமானம் இன்னொரு பக்கம். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் வழக்கமாக, இழக்க எதுவும் இல்லாதவர்களிடம்தான் இருக்கும்.

என்கார்ட்டா ஜெயித்த விதம்

என்கார்ட்டா நல்ல கலைக்களஞ்சியமா என்றால், பிரிட்டானிக்காவின் தொகுப்பாசிரியர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், அதில் நியாயமும் இருந்தது. அதன் அடிப்படைச் சரக்கு ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் என்ற, பல்பொருள் அங்காடிகளில் வாரம் ஒரு தொகுதியாக மலிவாக விற்கப்பட்ட கலைக்களஞ்சியத்திலிருந்து வந்தது. அதோடு படம், பாட்டு, சின்னச் சின்ன அசையும் காட்சிகள், ஒரு விளையாட்டு. முதலில் 395 டாலர் என்று விலை வைத்தார்கள், சீக்கிரமே 99 டாலராகக் குறைத்தார்கள், பிறகு புதுக் கணினியோடு சும்மாவே வர ஆரம்பித்தது.

எனக்கும் அப்படித்தான் வந்தது, கணினி வாங்கியபோது பெட்டிக்குள் கிடந்த ஒரு தகடாக. முதல் நாள் சிங்கத்தின் உறுமலை நாலைந்து தரம் கேட்டது நினைவிருக்கிறது. அதிலிருந்து உருப்படியாக எதையாவது படித்தேனா என்பது நினைவில் இல்லை.

ஆனால் அந்தக் கணினி எதற்கு வந்தது? "பிள்ளைகள் படிப்புக்கு." போன தலைமுறையில் விற்பனையாளர் வரவேற்பறையில் உட்கார்ந்து கிளறிய அதே கவலை, அதே ஆயிரத்துச் சொச்சம் டாலர். பணம் ஒரு கலைக்களஞ்சியத்திலிருந்து இன்னொரு கலைக்களஞ்சியத்துக்குப் போகவில்லை, கணினிக்குப் போனது, கலைக்களஞ்சியம் அந்தப் பெட்டியில் கொசுறாக வந்து சேர்ந்தது. இதை வேறு பலரும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் முழுக் கதையின் நடு ஆணி. பிரிட்டானிக்கா தன் போட்டியாளர் யார் என்று தேடும்போது கலைக்களஞ்சியங்களின் வரிசையைப் பார்த்தது, அந்த வரிசையில் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, அதனால் நிம்மதியாக இருந்தது. அதன் உண்மையான போட்டியாளர் மேஜைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டி. அதற்குக் கட்டுரையே தேவையில்லை.

1994ல் விற்பனை பாதிக்கும் கீழே போயிருந்தது. அதே வருஷம் பல்கலைக்கழகங்களுக்காக இணையத்தில் பிரிட்டானிக்கா ஆன்லைன் தொடங்கினார்கள், இணையத்தில் வந்த முதல் பெரிய கலைக்களஞ்சியங்களில் அதுவும் ஒன்று, இதற்கு அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய பெயர் கிடைக்கவே இல்லை. 1996ல் ஜேக்கப் சாஃப்ரா என்ற முதலீட்டாளர் கம்பெனியைச் சுமார் 13.5 கோடி டாலருக்கு வாங்கினார். ஆறு வருஷம் முன்பு ஒரே ஆண்டில் வந்த வருமானத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அந்த வருஷமே வீட்டு வாசல் விற்பனையும் முடிந்தது. 1999 அக்டோபரில் மொத்தக் கலைக்களஞ்சியத்தையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற கணக்கும், அந்தக் காலத்து டாட்காம் கணக்குகள் மாதிரியே, சில மாதங்களில் படுத்தது. 2001ல் மறுபடியும் சந்தா.

விக்கிபீடியா, வேறு காரணத்துக்காக

பிரிட்டானிக்கா கதவைச் சாத்திய அதே 2001ல், ஜனவரி 15 அன்று, ஜிம்மி வேல்ஸும் லேரி சாங்கரும் விக்கிபீடியாவைத் திறந்தார்கள். அதற்கு முன் நூபீடியா என்ற ஒன்றை நடத்திப் பார்த்திருந்தார்கள்: வல்லுநர்கள் எழுத வேண்டும், ஏழு படிகளில் சரிபார்க்க வேண்டும். 2003ல் மூடும்வரை அதில் முழுதாகத் தேறியவை இருபத்தைந்து கட்டுரைகள் பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற விக்கிபீடியா முதல் வருஷ முடிவிலேயே 20,000 கட்டுரைகளைத் தொட்டிருந்தது.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இதில் சொல்ல அதிகமில்லை. அச்சுப் பிரிட்டானிக்கா ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தது. விக்கிபீடியா அந்தத் தொழிலில் பறித்த உயிர் என்கார்ட்டாவுடையது. 2009 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதை மூடப் போவதாக அறிவித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடியும் விட்டது. ஜெயித்த என்கார்ட்டா, தோற்ற பிரிட்டானிக்காவின் அச்சுக்கு மூன்று வருஷம் முந்திப் போய்ச் சேர்ந்தது. மலிவாக இருப்பதை மட்டும் நம்பியவனுக்கு இலவசம் வந்தால் ஒளிய இடம் கிடையாது.

ஆனால் சமூகம் என்ற பக்கத்தில் விக்கிபீடியா செய்தது பெரிய வேலை, அதை இன்னும் நாம் முழுதாக ஜீரணிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அச்சான நூலுக்கு ஒரு ஓரம் இருந்தது. 32 தொகுதிக்குள் வந்தது அறிவு, வராதது வரவில்லை, யாரோ சில தொகுப்பாசிரியர்கள் அதை முடிவு செய்தார்கள், நமக்கு அவர்கள் முகம் தெரியாது, கேட்கவும் முடியாது. அச்சில் வந்துவிட்டது என்பதே ஒரு சான்றிதழ். விக்கிபீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் பின்னாலும் வரலாறு என்ற பக்கமும் உரையாடல் என்ற பக்கமும் இருக்கின்றன. ஒரு தேதிக்காக இரண்டு பேர் வாரக்கணக்கில் சண்டை போட்டதை அங்கே போய்ப் பார்க்கலாம். முன்பு மூடிய அறைக்குள் நடந்த சமையல் இப்போது கண்முன்னால் நடக்கிறது, அழுக்குக் கரண்டியோடு.

நானே ஒருமுறை ஒரு கட்டுரையில் தவறாக இருந்த ஆண்டைத் திருத்தினேன். சேமி என்ற பொத்தானை அழுத்தியதும் உலகம் முழுவதற்கும் அது மாறிவிட்டது என்பதை நம்ப முடியாமல் வேறொரு கணினியில் போய்த் திறந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. கூடவே லேசாக வயிற்றைக் கலக்கியது: நான் சரியாகத் திருத்தினேன், சரி, தப்பாகத் திருத்தியிருந்தாலும் இதே வேகத்தில்தானே மாறியிருக்கும்? அந்தக் கலக்கம் வீண் இல்லை. 2005ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கொலைச் சதியோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று நான்கு மாதத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் விக்கிபீடியாவில் கிடந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நேச்சர் அறிவியல் இதழ் ஒரு ஒப்பீடு வெளியிட்டது. 42 அறிவியல் கட்டுரைகளை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். விக்கிபீடியாவில் 162 குறைகள், பிரிட்டானிக்காவில் 123. அதாவது கட்டுரைக்கு விக்கிபீடியாவில் சுமார் நாலு, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா கொதித்துப் போய், ஆய்வு முறையே தப்பு, திரும்பப் பெறுங்கள் என்று கேட்டது, நேச்சர் மறுத்தது. எல்லோரும் "விக்கிபீடியா கிட்டத்தட்ட சமம்" என்று தலைப்புப் போட்டார்கள். எனக்கு அதில் உறைத்தது மற்ற எண்: பிரிட்டானிக்காவிலும் கட்டுரைக்கு மூன்று. அது எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கும், நமக்குத் தெரிய வழியில்லை, தெரிந்தாலும் அடுத்த பதிப்பு வரும்வரை திருத்தவும் வழியில்லை. சான்றிதழ் அட்டையில் இருந்தது, நாம் உள்ளே பார்க்கவில்லை.

பிழைத்த கதை

இந்தப் பகுதி சின்னது, ஏனென்றால் பிழைத்தவர்கள் அதிகம் சத்தம் போடுவதில்லை. 2012ல் அச்சை நிறுத்தியபோது அது கம்பெனியின் வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுமார் 85 சதவீதம் பள்ளிகளுக்கான பாடத்திட்டப் பொருள்களிலிருந்து வந்தது, மிச்சம் பெரும்பாலும் இணையச் சந்தா, சுமார் 5 லட்சம் வீடுகள். அன்றைய தலைவர் ஹோர்ஹே காஸ் அந்த அறிவிப்பைச் சாவுச் செய்தியாகச் சொல்லவில்லை, எப்போதோ முடிந்த ஒன்றை முறைப்படி முடிக்கிறோம் என்ற தொனிதான். தாயின் நெஞ்சில் குற்றவுணர்வைக் கிளறி விற்ற பொருளை, இப்போது பள்ளி நிர்வாகத்திடம், "உங்கள் மாணவர்களுக்குச் சரிபார்த்த தகவல்" என்று விற்கிறார்கள். வாடிக்கையாளர் மாறிவிட்டார், கவலை மாறவில்லை. வீட்டு வாசல் விற்பனையை 1996லேயே கைவிட்டதுதான் இதற்கு வழிவிட்டது என்று நான் நினைக்கிறேன். கமிஷன் கணக்கு போனபிறகுதான் ஒரு தகட்டுக்கோ இணையப் பக்கத்துக்கோ நியாயமான விலை வைக்கும் சுதந்திரமே அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஆட்களின் வேலை போனது, அதைப் பற்றி எந்த ஆய்விலும் ஒரு வரிக்கு மேல் பார்க்க முடிவதில்லை, இதிலும்தான்.

அதன் பிறகு தரை மறுபடியும் நகர்ந்திருக்கிறது. 2012 மே மாதம் கூகுள், தேடல் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் பதிலைக் காட்ட ஆரம்பித்தது, அதில் நிறைய விக்கிபீடியாவிலிருந்து வந்தது. பதில் அங்கேயே கிடைத்தால் விக்கிபீடியாவுக்குப் போக வேண்டியதில்லை. போகாதவர் திருத்தவும் மாட்டார், நன்கொடையும் தர மாட்டார். இப்போது செயற்கை நுண்ணறிவு. 2025 செப்டம்பரில் பிரிட்டானிக்காவும் அதன் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் சேர்ந்து, தங்கள் உள்ளடக்கத்தை எடுத்துப் பயன்படுத்துகிறது என்று பர்பிளெக்சிட்டி என்ற பதில் தேடல் நிறுவனத்தின் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டிருக்கின்றன.

பழைய பிரிட்டானிக்காவில் ஒரு வசதி இருந்தது, இன்று பலருக்கு மறந்துபோயிருக்கும். செட் வாங்கியவர்கள், நூலில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேள்வி எழுதி அனுப்பினால், கம்பெனியின் ஆட்கள் தேடிப் பதில் தயாரித்து அஞ்சலில் அனுப்புவார்கள். கேள்வி கேட்டால் நமக்கென்றே ஒரு பதில். அதற்கு அப்போது ஆள் வேண்டியிருந்தது, தபால்தலை வேண்டியிருந்தது, சில வாரப் பொறுமையும் வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரைக்கான தேதிகளை முதலில் விக்கிபீடியாவில்தான் பார்த்தேன். ஒரு நியாயத்துக்காகப் பிறகு பிரிட்டானிக்கா தளத்துக்கும் போனேன். விளம்பரம் இல்லாமல் படிக்க வேண்டுமா, சந்தா கட்டுங்கள் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அட்டை காட்டியபடி வாசலில் நின்ற அந்த மனிதரின் ஞாபகம் வந்தது. பெட்டியை மூடிவிட்டு, விளம்பரங்களோடேயே படித்து முடித்தேன்.